சோபா இல்லாத சோபாக் கடை

அண்ணன் ஜப்பானில் பதினொரு வருஷம் சோபா அவித்துவிட்டு ஊருக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் கடை போட்டார். ஜப்பானில் சோபா என்றால் ஒருவகை நூடில்ஸ். பெயர்ப்பலகையில் ‘சோபா’ என்று தமிழில் பெரிதாக எழுதச் சொன்ன புத்திசாலி நான்தான். கலியாணத் தரகர் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கதிரை, கட்டில் விற்கிறார் என்று சாவகச்சேரியில் ஒரு பெண் வீட்டில் சொல்லிவிட்டார்.

அப்பாவும் நானும் அதைத் திருத்தவில்லை. அண்ணனுக்கு நாற்பது நெருங்குகிறது. குசினியில் சமைக்கிறவனுக்குப் பெண் இல்லையென்று ஏற்கெனவே ஐந்து சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. அண்ணனுக்கோ தரகர் சொன்னது எதுவும் தெரியாது. “என்ரை கையாலை சாப்பிட்டுப்போட்டு ஓமோ இல்லையோ எண்டு சொல்லட்டும்” என்று பெண் வீட்டாரைக் கடைக்கே இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

பெண்ணோடு வந்த தகப்பன் கையில் அளவு நாடா.

“தம்பி, எங்கடை விறாந்தைக்கு மூண்டு பேருக்கு ஒரு சோபா வேணும். நீளம் ஆறடிக்கு மேலை போகப்படாது.”

அண்ணன் ஜப்பான் பழக்கத்தில் இடுப்பு வளையக் குனிந்தார். “மூண்டு பேருக்கெண்டால் மூண்டு தட்டுப் போடுறன் அங்கிள். நீளம் மாவைப் பொறுத்தது.”

“மாவோ? பலகை இல்லையோ?”

அப்பா முகட்டைப் பார்த்தார். நான் அவசரமாகப் பாயை விரித்தேன்.

எல்லோரும் பாயில் இருந்தோம். இடியப்பத் தட்டு மாதிரியான மூங்கில் தட்டுகளில் ஆறிய சோபா வந்தது, தோய்க்க ஒரு கிண்ணம் கறுப்புக் குழம்போடு.

“இதுதான் அங்கிள் சோபா.”

அவர் தட்டை வெகுநேரம் பார்த்தார். நாடாவைச் சுருட்டிச் சேட்டுப் பைக்குள் வைத்தார். “அப்ப தம்பி சமையல்காரரோ?”

“ஓம்” என்றார் அண்ணன். ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர்! அம்மா நிலைமையைக் காப்பாற்றுவதாக நினைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காய்ப்பால் சொதியைப் பெண்ணின் தகப்பனுடைய தட்டில் ஊற்றிவிட்டார். மூங்கில் இடுக்கால் அது பாயெல்லாம் ஓடியது.

“சத்தமா உறிஞ்சிச் சாப்பிடவேணும். அதுதான் சமைச்சவனுக்கு மரியாதை” என்றார் அண்ணன்.

சாப்பிடும்போது சத்தம் வந்தால் தலையில் குட்டு வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். செத்தவீட்டில் இருப்பதுபோல் மென்றோம். அண்ணன் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. என்றாலும் வெட்கம் என்னை விடவில்லை.

திடீரென்று ‘ஸ்ர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். வந்ததிலிருந்து வாயே திறக்காத பெண்! குழம்பு தெறித்துத் தகப்பனின் வெள்ளைச் சேட்டில் புள்ளி விழுந்தது.

“என்ன பிள்ளை உது!”

அவள் அண்ணனை நேராகப் பார்த்துக்கொண்டு இன்னொரு வாய் உறிஞ்சினாள், முன்னையதிலும் பலமாக. அண்ணன் நெற்றி பாயில் முட்டக் குனிந்தார். சொதி நெற்றியில் ஒட்டியது.

தகப்பன் அப்பாவிடம் திரும்பினார். “உந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்?”

“சமைச்சவரைப் பிடிச்சிருக்கெண்டு” என்றார் அப்பா, மெல்ல.

அவர் மகளைப் பார்த்தார். அவள் மறுக்கவில்லை. தகப்பன் சேட்டுப் பையிலிருந்து நாடாவைத் திரும்ப எடுத்தார்.

“அப்ப கலியாணத்துக்குச் சோபாவை வேறை கடையிலைதான் பாக்கவேணும்” என்றார், உண்மையான கவலையோடு.