லூர்து அக்கா வீட்டு விசேஷம்

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் ஒரு பெண் கேட்டாள். லூர்து அக்காவுக்குப் பக்கத்து வீடு என்றேன். சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் போனைக் கொடுக்கச் சொன்னாள். "யாரும் இல்லம்மா, என்கிட்டயே சொல்லு" என்றேன். அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அவருக்கும் சேர்த்து அரிசி களைந்து வைத்திருந்தேன்.

எங்கள் வாட்சுக்கு முன்பணம் போட்ட உங்கள் எல்லோருக்கும் லூர்து அக்காவைத் தெரியும். இந்தப் பக்கத்தில் "உங்கள் வீட்டில் என்ன விசேஷம்?" என்று உங்களைக் கேட்டவர் அவர்தான். அதனால் இங்கேயே எழுதுகிறேன். நான் கயலுடைய ஆயா, தனலட்சுமி. கருவடிக்குப்பத்தில் இருக்கிறேன். அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை. நான் எழுதியதை உங்கள் பாஷையில் மாற்றிப் போடுவது என் பேத்தி பாடு. சொந்தமாக வாட்ச் கம்பெனி தொடங்கியவளுக்கு இது பெரிய வேலையா?

அக்காவின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போய் வெகுகாலம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான்.

கயல் முதன்முதலில் இந்த ஏற்பாட்டை எங்களுக்கு விளக்கிய அன்று அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முகம் தெரியாதவர்கள் முன்கூட்டியே பணம் போடுவார்கள், குறித்த நாளுக்குள் குறித்த தொகை சேர்ந்தால் வாட்ச் செய்து அனுப்பலாம், சேராவிட்டால் எல்லாம் அவரவருக்கே திரும்பிவிடும் என்றாள்.

"அலோர், அப்ப மொய்யுன்னு சொல்லிட்டுப் போயேண்டி" என்றார் அக்கா.

"மொய் இல்ல பெரியாயா. பணம் போட்டவங்களுக்கு வாட்ச் குடுப்போம்."

"அது தாம்பூலப் பை."

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அதற்கு மொய் என்றே பேர். யாராவது பணம் போட்டுக் கயலின் போன் மணியடித்தால் போதும், அக்கா குழம்புக் கரண்டியை மைக் மாதிரிப் பிடித்துக்கொள்வார். "லியோன்லேர்ந்து மிஸ்யே பிலிப், மொய்யி!" என்று கல்யாண மண்டபத்தில் அறிவிப்பதுபோலக் கத்துவார். கயல் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பிறகு மணி அடிப்பது நின்றுபோனது. கெடு நெருங்கிக்கொண்டே வந்தது. பிள்ளை சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மொய் வெச்சவங்க வீட்ல என்ன விசேஷம்னு கேட்டியாடி?"

"அவங்க யாருன்னே தெரியாது பெரியாயா."

"கேட்டா தெரிஞ்சிட்டுப் போவுது."

பிரெஞ்சுக்காரர்களுக்கு அக்காவே எழுதினார். மற்றவர்களுக்கு அவர் சொல்லச் சொல்லக் கயல் எழுதினாள். நீங்களும் பதில் எழுதினீர்கள். ஒருவர் மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை என்றார். ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. ஒருவர் மட்டும் தன் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை, மனைவி பிரிந்து போய்விட்டாள் என்று எழுதினார். அவருக்கு என்ன எழுதினீங்க அக்கா என்று கேட்டேன். "சாப்டியான்னு கேட்டேன்" என்றார். அந்த மனுஷர் தன் சிநேகிதர்களையெல்லாம் மொய் வைக்க அழைத்து வந்தார். கெடுவுக்கு முன்பே தொகை நிறைந்தது.

அன்று சாயங்காலம் கயல் எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "ஊர்ல எல்லார் வீட்டுக்கும் போயி மொய் வெச்சேன் தனம். திருப்பி வெக்க என் வீட்லதான் ஒண்ணும் வரல. இனிமே ஒரே ஒரு விசேஷம்தான் பாக்கி. அதுக்கு நீ எல்லாரையும் கூப்புடணும்."

"கேசரி சாப்புடற நேரத்துல என்ன பேச்சுக்கா இது?" என்று அதட்டினேன். "கூப்புடுவியா மாட்டியா?" என்று விடாமல் கேட்டார். கூப்பிடுகிறேன் என்றேன்.

அடக்கத்தன்று மழை. வந்தவர்களுக்கு ஒரே வேன் போதுமாக இருந்தது. கம்பெனிக்காகப் பெங்களூர் போயிருந்த கயல் வந்து அழுதுவிட்டு, வேலை கிடப்பதால் மறுநாளே கிளம்பினாள். இப்போதும் குழம்பு கொதித்தால் சுவர்ப் பக்கம் போய் "அக்கா, கிண்ணம் எடுத்தாங்க" என்று குரல் கொடுத்துவிடுகிறேன். பிறகு உள்ளே வந்து அடுப்பை அணைக்கிறேன்.

நாங்கள் செய்த முதல் வாட்சைக் கயல் அக்கா கையில்தான் கட்டினாள். ஆஸ்பத்திரியில் அதை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்ச் அது. காலையில் எழுந்ததும் கொடுக்கிறேன். அதுவும் அந்தக் கரண்டியும்தான் என்னிடம் இருக்கின்றன.

அக்கா வீட்டு விசேஷத்துக்கு உங்களையெல்லாம் கூப்பிடுகிறேன். பணம் வேண்டாம். உங்கள் ஊரையும் பேரையும் கீழே எழுதுங்கள், அது போதும். கரண்டியைப் பிடித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் நின்று, ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறேன்.