லிங்கம்மாள் ஒப்பாத இடங்கள்

கதாநாயகி கிணற்றை நோக்கி ஓடுகிறாள். பெண்கள் பகுதி முழுவதும் விம்முகிறது. தரை டிக்கெட்டில் தூணுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் லிங்கம்மாளின் கன்னங்களிலும் கண்ணீர் வழிகிறது. ஆனால் மடியில் அவருடைய விரல்கள் வேறு வேலையில் இருக்கின்றன. கையில் உள்ள கழிவு நூலில் ஒரு முடிச்சைப் போட்டு, நகத்தால் இறுக்கி, அடுத்த முடிச்சுக்கு நூலை நகர்த்திக்கொள்கிறார்.

அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெரு ஒன்றில் தார் சுற்றுகிறவர் லிங்கம்மாள். தறியில் குறுக்கே ஓட வேண்டிய நூலை ராட்டையில் வைத்துச் சிறு குச்சிகளில் சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு கூடினால் நூல் மட்டம். இந்தச் சட்டத்தையே அவர் சினிமாவுக்கும் வைத்திருக்கிறார். மனம் ஒப்பாத இடம் வரும்போதெல்லாம் ஒரு முடிச்சு. படம் மாறிய முதல் நாள் மேட்னிக்குப் போய்த் திரும்பியதும் வாசலில் உட்காருவார். தெருப் பெண்கள் கூடுவார்கள். முடிச்சுகளைத் தடவிக்கொண்டே காரணம் சொல்வார். வீட்டில் பேசுவது கன்னடம். விமர்சனம் மட்டும் தமிழில். கேட்க வருகிறவர்கள் எல்லாத் தெருவிலிருந்தும் வருகிறார்களே!

"அழுதுகிட்டே முடிச்சும் போடுறீகளேக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணு அது பாட்டுக்கு அழுகும் தம்பி. அதுக்கு எவன் செத்தாலும் ஒண்ணுதான். கணக்கு கையில இருக்கு."

சனிக்கிழமைகளில் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பருத்தி எடுக்கிற பெண்கள் கூலியோடு டவுனுக்கு வருவார்கள். கொட்டகைக்குப் போகும் முன் இவர் வாசலில் நின்றுவிட்டுத்தான் போவார்கள். "ஏக்கா, இந்தப் படத்துக்குப் போகவா, இல்ல அந்தத் துட்டுக்கு மிச்சர வாங்கித் தின்னுக்கிட்டே பஸ்ஸு ஏறவா?" என்பாள் ராக்கம்மாள் என்கிற ஒருத்தி. நாளெல்லாம் வெயிலில் குனிந்து சம்பாதித்த காசு. லிங்கம்மாள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. நூலைக் கையில் கொடுத்துவிடுவார். ராக்கம்மாள் முடிச்சுகளை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "மிச்சருதான்" என்று கூட்டாளிகளுக்கு அறிவிப்பாள்.

சண்டைப் படங்களுக்கு முடிச்சு அதிகம். "ஒருத்தன் பத்துப் பேர அடிக்கிறான். சரி, அடிக்கட்டும். அந்தப் பத்துப் பேரும் எதுக்கு ஒவ்வொருத்தனா வந்து வாங்குறான்? ரேசன் கடையா?" வில்லன்களிடம் அவருக்கு இரக்கம் உண்டு. "படத்துல வேலை பாக்குறவன் அவன் ஒருத்தன்தான். திட்டம் போடுறான், ஆள் சேக்குறான், ராத்திரி பகல்னு அலையுறான். கதாநாயகன் என்ன செய்யிறான்? மலையில பாடிக்கிட்டுத் திரியுறான்." பாட்டில் மழை பெய்தால் மட்டும் முடிச்சுக் கிடையாது. பாட்டுப் போட்டதும் மழை வருவது பொய்தானே என்று நான் வம்புக்கு இழுத்தேன். மூன்று வருடமாகக் கண்மாய்களில் புழுதி பறக்கிறது. "இருக்கட்டும் தம்பி. பாக்கவாச்சும் செய்வோம்" என்றார்.

குறையும் உண்டு. முடிவைச் சொல்லிவிடுவார். முடிவு தெரிந்துபோய் டிக்கெட் காசு வீணானவர்கள் சண்டைக்கு வந்தால், "கல்யாண வீட்டுல கடைசியில பாயசம் வரும்னு தெரியாமயா பந்தியில உக்காருறீக?" என்று அவர்களையே மடக்குவார்.

பக்திப் படம் ஒன்று வந்தது. அம்மன் திரையில் தோன்றியபோது கொட்டகைக்குள்ளேயே கற்பூரம் ஏற்றினார்கள். பக்தையைச் சோதிக்க அம்மன் குழந்தையின் பார்வையைப் பறித்துவிட்டு, கடைசி ரீலில் திருப்பிக் கொடுக்கிறாள். வீட்டு வாசலில் லிங்கம்மாள் கேட்டார்: "கண்ணக் குடுத்தா, குடுத்தாங்கிறீகளே, பறிச்சது யாரு? அதே ஆளுதானே? நம்ம தெருவுல ஒருத்தி இப்படிச் செஞ்சா கும்பிடுவீகளா, போலீசுல சொல்லுவீகளா?" எங்கள் பகுத்தறிவு மன்றத்தின் மேடையில் ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசுகிற விஷயம் இது. எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் தேங்காய் பழத்தட்டோடு சௌடேஸ்வரியம்மன் கோவிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வழிமறித்துக் கேட்டேன். "அது அவன் எடுத்த அம்மா. இது எங்க அம்மா" என்று சொல்லி நடையைக் கட்டினார். இந்த வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

அவருடைய கண்ணீரைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒருவர் அகப்பட்டுக்கொண்டது போன தை மாதம்.

லிங்கம்மாளின் எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அந்த அம்மனின் பெயர்தான், சௌடேஸ்வரி. புருஷன் நாகசுப்பிரமணியன் வேறொருத்தியோடு சேலத்துக்குப் போய்விட்டான். வீட்டில் தறி சும்மா கிடந்தது. இரண்டு பிள்ளைகள் பசியோடு இருந்தன. சௌடேஸ்வரி தானே தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தாள். பொம்பளை தறியில் உட்காரலாமா என்று முனகியவர்கள் ஒரு படி அரிசி கொடுக்கவில்லை. அவள் நெய்தாள். பிள்ளைகள் சாப்பிட்டன. சில வருடம் கழித்து அவன் இருமிக்கொண்டே திரும்பி வந்தான், தாய்மாமன் கோட்டைச்சாமியின் வீட்டுக்கு. ஓடிப்போனவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அதற்குப் பெயர் மனமாற்றமாம்!

கோட்டைச்சாமி பாதித் தெருவுக்கு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கிறவர். சௌடேஸ்வரியும் அவர் நூலைத்தான் நெய்தாள். லிங்கம்மாள் சுற்றியதும் அவர் நூல்தான். மருமகனை மறுபடி வீட்டில் வைத்துத் தறியில் உட்கார்த்திவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். அவன் உட்கார்ந்தால் கூலி அவன் கைக்குப் போகும். அவள் பழையபடி அடுப்படிக்குப் போவாள். பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்தபடி நின்றாள். சரி என்று மட்டும் வாயிலிருந்து வரவில்லை.

அந்த நேரத்தில் கொட்டகைக்கு ஒரு குடும்பப் படம் வந்தது. அதன் பெயரை எழுதி அதற்கு விளம்பரம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஓடிப்போன புருஷன் நோயோடு வருகிறான், மனைவி அவன் பாதத்தைக் கழுவி உள்ளே அழைக்கிறாள், சுபம். கோட்டைச்சாமிக்கு யோசனை உதித்தது. சௌடேஸ்வரிக்கும் லிங்கம்மாளுக்கும் தம் செலவில் பெஞ்சு டிக்கெட் எடுத்தார். குடும்பப் படம் என்றால் தேம்பித் தேம்பி அழுகிறவர் லிங்கம்மாள், அவர் நல்ல படம் என்று சொல்லிவிட்டால் தெருவே சொல்லும், தெரு சொன்னால் இவள் கேட்பாள் என்பது அவர் கணக்கு. இடைவேளையில் ஆண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். லிங்கம்மாளின் மூக்கு சிவந்திருந்தது. நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

சாயங்காலம் வாசலில் வழக்கத்தைவிடக் கூட்டம். நாகசுப்பிரமணியன் துணிமூட்டையோடு தெருமுனையில் நின்றான். கூப்பிட்டதும் வரத் தயார்.

"என்ன லிங்கம்மா, படம் எப்படி?" என்றார் கோட்டைச்சாமி, எல்லோருக்கும் கேட்கும்படி.

லிங்கம்மாள் நூலை நீட்டினார். கைமாறிக் கைமாறிப் பார்த்தார்கள். ஒரே ஒரு முடிச்சு.

"பாத்தீகளா! ஒண்ணே ஒண்ணு. இம்புட்டுக் காலத்துல இவ ஒரு முடிச்சோட விட்ட படம் உண்டா?"

"நல்லாப் பாருங்க மாமா" என்றார் லிங்கம்மாள். முடிச்சு புளியங்கொட்டை அளவு இருந்தது. "ஒண்ணு மேல ஒண்ணா ஒரே இடத்துல போட்டது. அவன் திரும்பி வந்ததுல இருந்து சுபம் போடுற வரைக்கும் ஒரே தப்பு. பாட்டு நல்லாருக்கு, நடிப்பு நல்லாருக்கு, நானும் அழுதேன். ஆனா இத்தனை வருசம் என்ன தின்னேன்னு ஒருத்தனும் அவளக் கேக்கலியே? அவன் வந்த அன்னைக்குப் பாயசம் காச்சுறா. அரிசி ஏது, வெல்லம் ஏது? அதையும் கேக்கல. வாரானே, உள்ள விடவான்னும் அவளக் கேக்கல."

சுற்றியிருந்த பெண்களில் யாரோ சிரித்தார்கள். கோட்டைச்சாமியின் முகம் மாறியது. "சினிமாவ சினிமாவாப் பாக்கணும்."

"அதான் நானும் சொல்றேன். இவளக் கொட்டகைக்குக் கூட்டிக்கிட்டுப் போனது நானா?"

விளைவை லிங்கம்மாளின் பாணியில் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு கோட்டைச்சாமியின் நூல் அந்த இரண்டு வீட்டுக்கும் வரவில்லை. இருவருமே திருச்சுழி ரோட்டில் வேறொருவரிடம் வேலை வாங்குகிறார்கள். நடை அதிகம், கூலி கொஞ்சம் குறைச்சல். தறியில் சௌடேஸ்வரிதான் உட்காருகிறாள். இந்த விளைவெல்லாம் அன்று சாயங்காலமே லிங்கம்மாளுக்குத் தெரியும். யார் நூலில் தம் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதை மறக்கிற ஆள் இல்லை அவர்.

தெரிந்தேதான், "எங்கிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தா எப்படி? படம் பாத்தவ இன்னொருத்தி இருக்கா. அவளக் கேளுங்க" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். எதிரே சௌடேஸ்வரி தன் வீட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பஞ்சாயத்துகளில் நின்றவள்தான். அவளிடம் ஒரு கேள்வி வருவது அதுவே முதல் தடவை.

"இருமலுக்கு மருந்து வேணும்னா நானே வாங்கித் தாரேன்" என்றாள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, "தறிய விட்டு நான் எந்திரிக்க மாட்டேன். இந்த வீட்டுக்குள்ள அவுக…"

"ஏம்மா, குடும்பம்னு ஒண்ணு…" என்று கோட்டைச்சாமி கையை உயர்த்திக்கொண்டு குறுக்கே வந்தார்.

படத்தில் முக்கியமான பேச்சு வரும்போது பின்னால் சளசளக்கிறவர்களை எப்படித் திரும்பிப் பார்ப்பாரோ, அப்படித் தமக்கு நூல் கொடுக்கிறவரைத் திரும்பிப் பார்த்து, லிங்கம்மாள் உதட்டின் மேல் விரலை வைத்தார்.