சனியின் வளையத்துக்காகக் கண்ணாடி தேய்த்தவர்

பிள்ளைகளே, கசார்வாடியில் எங்கள் கீழ்வீட்டில் இருந்தவர் தொலைநோக்கிக்கான கண்ணாடியைக் கையாலேயே செய்துகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், முழங்கை வரை வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். ஃபேக்டரி விட்டு வந்ததும், ஒரு டிரம்மின் மேல் வட்டக் கண்ணாடியைப் பொருத்தி, அதன்மேல் இன்னொன்றை வைத்துத் தேய்த்தபடி டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடப்பார். மேல் கண்ணாடி மெல்ல மெல்லக் குழியும்.

அவர் மகள் காலேஜில் சேரச் சென்னைக்குப் போகவிருந்தாள். அதற்குள் அவளுக்குச் சனிக்கிரகத்தின் வளையத்தைக் காட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒருநாள் கண்ணாடியைச் சோதித்துவிட்டு, "நல்லா வந்திருக்கு சார். நடுவுல ஒரு சின்ன மேடு மட்டும் இருக்கு" என்றார்.

"அது இருந்தா வளையம் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும். ஆனா சுத்தமாத் தெரியாது."

வாசலில் நின்ற மகள் சிரித்தாள். "விட்டுடுப்பா. நீ தேய்க்கிற தேய்ப்புல சனியே தேய்ஞ்சு போயிடும்."

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா."

அந்த ஒரு தடவையில் மேடு போனது, ஆனால் கண்ணாடியின் ஓரமெல்லாம் சரிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரமே அவள் ரயிலேறிவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து எங்களையெல்லாம் மொட்டைமாடிக்கு அழைத்து வளையத்தைக் காட்டினார். அத்தனை துல்லியம். பிறகு மகளுக்குப் போன் செய்து, "தெரியுதும்மா" என்றார்.

"சூப்பர்ப்பா. மெஸ்ஸுக்கு நேரமாச்சு, அப்புறம் பேசறேன்" என்றாள்.

அன்று அந்த மேட்டோடு விட்டிருக்கலாமே என்று நான் இன்றும் நினைப்பதுண்டு. அவரும் அப்படி நினைத்தாரா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.