காயாத டேங்க்

டேங்க் என்று சொன்னால் அந்தக் காலத்துச் சங்கரன்கோவிலில் இரண்டு பொருள்தான். ஒன்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. இன்னொன்று மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் ஊற்றுகிற இடம். என்னிடம் மூன்றாவதாக ஒன்று இருந்தது. முழங்கை நீளத்தில், பிளாஸ்டிக்கில் செய்த, ரிமோட்டில் ஓடுகிற ராணுவ டேங்க். ஏரியலை இழுத்துவிட்டுக் குச்சியைத் தள்ளினால் ரப்பர் சங்கிலி உருளும். சிமென்ட் தரையில் அது பீரங்கியைத் திருப்பியபடி போகும்போது பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்கும்.

எதையும் தேதியோடு ஞாபகம் வைத்துக்கொள்வது என் பழக்கம். ஆனால் எண்பதுகளின் அந்தச் சில வருஷங்களுக்கு மட்டும் காலண்டர் வேறு: தபசுக்கு முன்னால், தபசுக்குப் பின்னால். நானும் மனைவியும் பிரிந்த பிறகு மகள் புளியங்குடியில் தாத்தா வீட்டில் அம்மாவோடு இருந்தாள். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மட்டும் அவளுடைய மாமா அவளைக் கூட்டிக்கொண்டு வருவார். சாமி பார்த்துவிட்டு, பஸ் ஏறும்வரை என் வீட்டில் இருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் டேங்கை வாங்கினேன். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு கடையநல்லூர்க்காரர் விலைக்குக் கொடுத்தது.

முதல் வருஷம் அவள் அதைவிட்டு நகரவே இல்லை. கிளம்பும்போது அவளே என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“பொட்டப்பிள்ளைக்கு டேங்க் என்னத்துக்குன்னு தாத்தா ஏசுவாவ. இங்கனயே இருக்கட்டும்ப்பா. ஆனா கலர் சரியில்ல. நம்ம பட்டாளம் பச்சைல்லா?”

அது மணல் நிறத்தில் இருந்தது. டேங்க் என் வீட்டில் இருப்பது எனக்கும் நல்லதாகப் பட்டது. அது இங்கே இருக்கிறவரை அவள் வருவதற்கு என்னைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கும்.

வீட்டுக்காரர் ஜன்னலுக்கு அடித்து மிச்சம் வைத்திருந்த பச்சை எனாமலை அதன்மேல் பூசினேன். அடுத்த தபசுக்கு வந்தவள் டேங்கைத் தூக்கிப் பார்த்தாள். பெயின்ட் வழிந்து சக்கரங்களுக்கிடையே கட்டி தட்டியிருந்தது. மேலே ஒரே மினுமினுப்பு.

“ஜன்னல் மாதிரி இருக்குப்பா” என்றாள். அன்றைக்கு அது ஓடவும் இல்லை. அவள் மாமாவோடு சீக்கிரமே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

வரும் தபசுக்குள் பழைய பெயின்டை முழுதாக உரித்துச் சரியான பச்சை அடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்கைப் பிரித்தேன். மோட்டாரையும் வயர்களையும் எடுத்து வைத்துவிட்டு, எந்த ஸ்குரூ எந்த இடத்தில் இருந்தது என்று தீப்பெட்டிகளில் எழுதிப் போட்டேன். பிறகு பெயின்ட் கடைக்குப் போனேன்.

“டேங்க்ல பழைய பெயின்ட உரிக்கணும் அண்ணாச்சி.”

“வண்டி எது சார், புல்லட்டா?”

நாற்பதை நெருங்கும் ஆள். வீட்டில் குழந்தை கிடையாது என்பது கடைத்தெருவுக்கே தெரியும். பொம்மை என்று சொல்ல வாய் வரவில்லை.

“வண்டிதான்” என்றேன்.

அவர் ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் தந்தார். “இதத் தடவிட்டுச் சும்மா விட்டுருங்க. பெயின்ட் தோசை கணக்கா எந்திச்சு வரும்.”

வந்தது. வலது பக்கத்தில் தடவிய இடமெல்லாம் பச்சை குமிழ் விட்டுச் சுருண்டது. சந்தோஷமாக இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுரண்டினேன். கையை எடுத்தபோது என் கட்டைவிரல் அந்தப் பிளாஸ்டிக்கில் பதிந்திருந்தது. ரேகை ரேகையாக, பத்திரத்தில் உருட்டி வைத்ததுபோல. தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். இளகிய இடம் அப்படியே இறுகிவிட்டது.

மறுநாள் மாலை மறுபடி கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

“பிளாஸ்டிக்கா? நீங்க டேங்க்னுல்லா சொன்னிய. அது இரும்புக்கு உள்ள மருந்து சார். பொம்மை யாருக்கு?”

“மகளுக்கு.”

டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்த பெயின்டர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “மகளுக்கு டேங்கா? சார் யார் மேல படையெடுக்காவ, புளியங்குடி மேலயா?”

“நீரு சும்மா இரும் வே” என்றார் கடைக்காரர். ஆனால் அவரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரம் ஆபீசுக்கு வெளியே நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

நூலகத்தில் பழைய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டியதில், பிரேக் ஆயில் பிளாஸ்டிக்கைத் தொடாமல் பெயின்டை மட்டும் கழற்றும் என்று ஒன்றில் போட்டிருந்தது. அலுமினியச் சட்டியில் பிரேக் ஆயிலை ஊற்றி மிச்சப் பாகங்களை ஊறவைத்தேன். முதலில் ஒரு துண்டை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க, ஜன்னல் பச்சை கசண்டாகக் கழன்று, அடியிலிருந்து மணல் நிறம் வந்தது.

புதுப் பச்சையில் மினுமினுப்பு இருக்கக் கூடாது. மங்கலாக்க எனாமலோடு முகப்பவுடர் கலக்கலாம் என்றும் அதே பத்திரிகை சொன்னது. வீட்டில் ஒரு பவுடர் டப்பா இருந்தது. மனைவி விட்டுப் போனது. கண்ணாடிக்குப் பக்கத்தில் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் கலக்கினேன். மூன்று கோட் அடித்ததில் டப்பா காலியாகிவிட்டது. காலி டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

கட்டைவிரல் தடத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தேய்த்தால் பிளாஸ்டிக் மெலிந்துவிடும் போலிருந்தது. அதன் மேலேயே பச்சை அடித்தேன்.

தபசன்று மகள் மாமாவோடு வந்தாள். ஒரு வருஷத்தில் நல்ல உயரம். டேங்கைத் தரையில் விட்டதும் அது வாசல்வரை ஓடித் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ கரகரத்தது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இப்பதான் நிசமா இருக்கு.”

எனக்கு அது போதும் என்று நினைத்த நேரத்தில் அவளுடைய மாமா சொன்னார்: “இந்தத் தடவை வீட்டுக்கே எடுத்துட்டு வரட்டும்னு எங்க அப்பா சொல்லிட்டாவ அத்தான். ஒரு பையில போட்டுத் தாங்க.”

பை தேடுவதுபோல உள்ளே போனேன். கொக்கியில் இரண்டு பைகள் தொங்கின. எடுக்காமல் வந்தேன்.

“பெயின்ட் இன்னும் சரியாக் காயல. இன்னொரு கோட் அடிக்கணும்.”

பெயின்ட் காய்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மகள் டேங்கைத் தூக்கினாள். விரலை வைத்துத் தேய்த்தாள், விரலைப் பார்த்தாள். அதில் பச்சை ஒட்டவில்லை. பிறகு டேங்கைத் திருப்பி வலது பக்கத்தை மாமாவிடம் காட்டினாள்.

“ஆமா மாமா, காயல. பாருங்க, அப்பா கை பதிஞ்சிருக்கு.”

அவர் எட்டிப் பார்த்தார். “சரி, அடுத்த தபசுக்கு வந்து எடுத்துக்கிடலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா.”

பஸ் ஸ்டாண்டில் அவ்வளவு கூட்டம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து அவள் என்னைத் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் நின்ற பக்கம் அவள் திரும்புவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து, டேங்கிலிருந்து பேட்டரிகளைக் கழற்றினேன். வருஷம் முழுக்க உள்ளே கிடந்தால் கசிந்துவிடும்.