பொங்காத பானையும் பல்லி அலுமாரியும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தைப்பொங்கல் காலையில், கனடாவில், அஜின்கோர்ட்டில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது.

எங்கள் பேஸ்மென்ட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை வாடகைக்கு இருந்தார், தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதிலேயே கனடாவுக்கு வந்தவர், மிசிசாகாவில் வேலை. வாடகைக்கு வரும்போதே, "அண்ணை, நான் பெட்ஸ் வச்சிருக்கிறன், பரவாயில்லையோ?" என்று கேட்டார். என்ன பெட் என்று திருப்பிக் கேட்க எனக்குக் கூச்சம். பூனையாக இருக்கும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

வந்து இறங்கியவை பல்லிகள். சுவரில் ஓடும் பல்லிகள் அல்ல. உடம்பெல்லாம் புள்ளி, கொழுத்த வால், ஒரு சாண் நீளம். இவற்றை இங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் மனைவி, "சனத்துக்கு விசர்" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

தங்கச்சியின் அறை சிறியது. அதனால் உடுப்புத் தோய்க்கும் அறையில் இழுத்துத் திறக்கும் லாச்சிகள் அடுக்கிய ஓர் அலுமாரி வைத்து, லாச்சிக்கு ஒரு பல்லியாக விட்டிருந்தார். லாச்சிகளுக்கு அடியில் சூடாகும் பட்டி ஒன்று ஓடியது. அதன் வயர், சுவர் பிளக்கில் குத்தியிருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போனது. பெட்டியில் சிவப்பாக ஓர் எண் தெரியும். அந்தப் பெட்டி எதற்கு என்றும் நான் கேட்கவில்லை.

பொங்கலன்று தங்கச்சி விடியவே வேலைக்குப் போய்விட்டார். நாங்கள் வருடா வருடம் கராஜில்தான் பொங்குவது. கராஜ் கதவை மேலே தூக்கிவிட்டால் நேரே சூரியன் தெரியும், வீட்டுக்குள் புகை அலாரமும் அடிக்காது. அந்த வருடம் பார்த்து கராஜ் பிளக் வேலை செய்யவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மனைவி எங்கிருந்தோ நீள வயர் ஒன்று இழுத்து, மின்னடுப்பில் பானையை ஏற்றியிருந்தாள். கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு, ஜாக்கெட்டுக்கு மேல் சால்வையைப் போட்டுக்கொண்டு கும்பிட்டபடி நின்றேன்.

பால் நுரை கட்டி விளிம்புக்கு வந்தது. "பொங்கலோ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி, கால் விறைக்கிறது என்று ஒரு சின்ன ஹீட்டரையும் அதே வயரில் குத்தினாள். டக்கென்று கரண்ட் போய் எல்லாம் நின்றது. நுரை அப்படியே அமர்ந்து பானைக்குள் போய்விட்டது.

"ஐயோ, நல்ல நேரம் முடியப் போகுது! வருசம் முழுக்க இனி என்ன நடக்கப் போகுதோ!" அவள் கண் கலங்கிவிட்டது. "பாத்துக்கொண்டு நிக்கிறியளே? ஓடிப்போய்ப் பிரேக்கரைத் தட்டிவிடுங்கோவன்!"

ஓடினேன். பிரேக்கர் பெட்டியும் உடுப்புத் தோய்க்கும் அறையில்தான் இருந்தது. கதவைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகுகிற மணம் அடித்தது. சுவரில் கறுப்புப் பெட்டி இல்லை. அது வாஷிங் மெஷினுக்கு மேல் கிடந்தது. பிரேக்கரில் விரலை வைத்தவன் எடுத்துவிட்டேன். ஏனென்று எனக்கே தெரியாது.

போனில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஸ்பீக்கரில் போட்டுத் தங்கச்சிக்கு எடுத்தேன்.

"அண்ணை, பொக்ஸில என்ன நம்பர் காட்டுது?"

"பொக்ஸ் மெஷினுக்கு மேல கிடக்குது, தங்கச்சி."

"வாட்? லாச்சிக்குக் கீழ இருக்கிற ஹீட் பட்டியின்ட வயர் எங்க இருக்கு?"

"நேர சுவரில."

"ஓ மை கோட்! அண்ணை, பிரேக்கரைப் போடாதேங்கோ, ப்ளீஸ்! பொக்ஸ் இல்லாட்டி ஹீட் நிக்காது, ஏறிக்கொண்டே போகும். எல்லாத்தையும் வெளிய எடுங்கோ. மேல் லாச்சியில வயசான ஒரு ஆள் இருக்கிறா, அவவை முதல் எடுங்கோ!"

பின்னால் வந்து நின்ற மனைவி, "ஆரது வயசான ஆள்?" என்றாள். பிறகு சுவரைப் பார்த்தாள், முகம் மாறியது. "நான் அதை மணிக்கூடு எண்டெல்லே நினைச்சன். ரெண்டு ஓட்டையையும் மறைச்சுக்கொண்டு நிண்டுது. கழட்டிப்போட்டு, ஒரு ஓட்டையில அடுப்பு வயரைக் குத்தி, பல்லியளுக்குக் குளிருமெண்டு மற்றதில அந்த வயரை நேர குடுத்துவிட்டன். பாவம் பாத்துச் செய்தனப்பா!"

லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் வைத்தேன். அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. மற்றப் பல்லிகள் லாச்சிகளுக்குள் வாயைப் பிளந்தபடி ஓடித் திரிந்தன. மேல் லாச்சியில் இருந்த, புள்ளி மங்கி வெளுத்த பல்லி மட்டும் அசையவில்லை. தங்கச்சி சொன்ன வயசான ஆள் அதுதான், தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. "தண்ணி ஊத்தாதேங்கோ, சும்மா கையில வச்சிருங்கோ" என்று போனில் அழுகிற குரலில் சொன்னார். பல்லியென்றால் நான் பத்தடி தள்ளி நிற்பவன். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினேன். துணி மாதிரித் தொங்கியது. ஏதாவது நடந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் என் யோசனை.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையில் ஏதோ கூசியது. கண்ணைத் திறந்தேன். அது கண்ணை மெல்லச் சிமிட்டி, என் கையில் நடந்து, சால்வையைப் பிடித்துத் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"எந்தத் தோள்? இடமோ வலமோ?" என்று கேட்டுக்கொண்டே மனைவி மேலே நாள்காட்டியைப் பார்க்க ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஏமாற்றம். "விழுந்ததுக்குத்தான் பலன் போட்டிருக்கு. ஏறினதுக்கு ஒண்டுமில்லை."

தங்கச்சி பனியில் கார் ஓடி வந்து சேரும்வரை அது இறங்கவே இல்லை. வந்தவர் ஒவ்வொரு பல்லியாகத் தொட்டுப் பார்த்தார், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி தலை குனிந்து நின்றாள். தங்கச்சி அவளைக் கட்டிப்பிடித்து, "பிரேக்கர் விழாட்டி வீடே பத்தியிருக்கும் அக்கா. உங்கட கால் விறைச்சதாலதான் தப்பினம்" என்றார். கறுப்புப் பெட்டியைத் திரும்பக் குத்தினார். பெட்டிக்குச் சூட்டைச் சொல்லும் மெல்லிய வயர் பட்டியை விட்டு நழுவாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். இனி அந்தப் பிளக்கில் வேறொன்றும் குத்தக்கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினார். அடுத்த கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அலுமாரிக்கென்று தனி லைன் போட்டோம்.

பொங்கல் மத்தியானம் குசினி அடுப்பில் பொங்கியது. புகை அலாரம் வீடே அதிர அடித்தது. அதற்கு மேல் குரலெடுத்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது தங்கச்சிதான்.

அந்தப் பானை நல்ல நேரத்துக்குப் பொங்கியிருந்தால் நாங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்திருப்போம், கீழே ஒருவரும் போயிருக்க மாட்டோம். இப்போதெல்லாம் வீட்டில் ஒரு காரியம் பாதியில் நின்றுவிட்டால் நான் சலித்துக்கொள்வதில்லை, முதலில் கீழே இறங்கிப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.