மடியில் இருந்தது மீன் அல்ல

பருத்தித்துறைக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கடற்கரையையும் வெளிச்சவீட்டையும் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த வழி என்றாலே, எழுபதுகளில் ஒரு மாசி மாதம் மடியில் தகரப் பெட்டியோடு பஸ்ஸில் போனதுதான் ஞாபகம் வருகிறது.

அப்போது நான் கொழும்பில் கிருமி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டபிலோகொக்கஸ் கிருமி பெனிசிலினுக்கு ஏன் அடங்காமல் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பருத்தித்துறையில் கடற்றொழில் செய்த என் அண்ணையின் காலில் திருக்கை முள் குத்திப் புண் பழுத்துவிட்டது என்று தந்தி வந்தது. யாழ்ப்பாணம் வரை ரயில். அங்கிருந்து நெல்லியடி வழியாக பஸ், இருபது மைல் சொச்சம், ஒன்றரை மணித்தியாலம்.

அண்ணைக்கு முழங்கால் வரை வீங்கிச் சிவந்திருந்தது. பெனிசிலின் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. வீக்கம் இன்னும் ஏறினால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். காலை எடுத்துவிட்டால் அண்ணை எப்படி வள்ளம் ஏறுவார்?

"ஊசிக்கு முதல் என்ன போட்டனீங்கள்?" என்று அண்ணையின் மனைவி பூமணி மச்சாளைக் கேட்டேன்.

"கடையிலை கப்சூல் வாங்கி, உடைச்சுத் தூளைப் புண்ணிலை தூவினனாங்கள். எல்லாரும் உதுதானே செய்யிறவை."

எனக்குத் திக்கென்றது. அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பும் கிருமிதான் பிறகு அந்த மருந்துக்கே அடங்காது.

சீழைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, ஐஸ் போட்ட தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு மறுபடி பஸ் ஏறினேன்.

"அக்கா, பெட்டியை மேலை போடுங்கோ," என்றார் கொண்டக்டர்.

"இல்லைத் தம்பி, மடியிலையே இருக்கட்டும்."

"என்ன, மீனோ?"

"ஓம், மீன்தான்."

உண்மையைச் சொல்லியிருந்தால் பஸ் நெல்லியடியிலேயே காலியாகியிருக்கும்! பள்ளத்தில் தூக்கிப்போட்ட போதெல்லாம் குழாய் உடைந்துவிட்டதோ என்று உயிர் போய் உயிர் வந்தது. பக்கத்தில் ஒரு தாய் கைக்குழந்தையோடு இருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்த சிநேகிதியின் ஆய்வுகூடத்தில் சீழிலிருந்த கிருமியை, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் பூசி, மருந்து ஊறிய காகிதப் பொட்டுகளை அதன்மேல் வைத்தேன். மருந்து கிருமியைக் கொன்றால் பொட்டைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். கொக்குவிலில் அவள் வீட்டில் படுத்தேன். நித்திரை எங்கே வந்தது? காலையில் பார்த்தால் பெனிசிலினைச் சுற்றி வளையம் இல்லை. கடைக் கப்சூல் மருந்துக்கும் இல்லை. குளொக்சசிலின் என்ற மருந்துக்கு மட்டும் இருந்தது. அப்பாடா! தொலைபேசியில் டொக்டரும் சம்மதிக்க, அதில் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது, வீக்கமும் வற்றியது. கொழும்புக்குப் புறப்படும்போது போத்தலைப் பார்த்தேன். பாதியாவது இருக்க வேண்டிய இடத்தில் நாலு கப்சூல் கிடந்தது.

"மிச்சம் எங்கை மச்சாள்?"

"உங்கடை அண்ணைக்குத்தான் சுகமாப் போச்சே. முன்வீட்டுப் பிள்ளைக்குச் சிரங்கு, பின்வீட்டு ஐயாவுக்குச் சீழ்க்கட்டு. நல்ல மருந்தெண்டு ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தனான்."

வள்ளம் வந்தால் அயலுக்கெல்லாம் கறிக்கு மீன் கொடுத்துவிட்டுத்தான் மச்சாள் உலை வைப்பார். மருந்தையும் அப்படியே பங்கு வைத்துவிட்டார். ரயிலை விட்டுவிட்டு, மருந்தைத் திருப்பி வாங்க வீடு வீடாக ஓடினேன். முன்வீட்டுப் பிள்ளையின் முழங்கையில் தூள் வெள்ளையாக அப்பிக் கிடந்தது. "நீங்கள் நல்லாயிருக்கோணும் அக்கா," என்று தாய் என் கையைப் பிடித்தாள்.

இன்னொரு போத்தல் வாங்கி, கடைசிக் கப்சூல் வரை பக்கத்தில் இருந்தே அண்ணையை விழுங்க வைத்தேன். கால் தப்பியது.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். நெல்லியடி வழியே வசதி. மீன் வாங்குவதென்றால் காலையிலேயே சந்தைக்குப் போங்கள். ஆழமில்லாத கடலில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடவுங்கள், திருக்கை விலகிப் போகும். டொக்டர் தந்த மருந்தை முழுதாக விழுங்குங்கள். மீனைப் பங்கு வையுங்கள், மருந்தைப் பங்கு வைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடுத்த வருடம் நான் போனபோது அந்த முன்வீட்டுப் பிள்ளை உடம்பெல்லாம் சீழ்க்கட்டு வந்து காய்ச்சலில் கிடந்தது. பிள்ளையின் சீழோடு மறுபடி அதே பெட்டி, அதே பஸ், அதே ஆய்வுகூடம். காலையில் தட்டைத் திறந்தேன். குளொக்சசிலின் உட்பட எந்தப் பொட்டைச் சுற்றியும் வளையம் இல்லை.

திரும்பி வந்தபோது பிள்ளையின் தாய் வாசல் படலையிலேயே நின்றாள்.

"என்ன மருந்து கொண்டந்தனீங்கள் அக்கா?"

பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஐஸ் கரைந்த தண்ணீர் மட்டும்தான் இருந்தது.