நடுவில் இருந்த மீட்டர்

போன மாதம் ஒரு அப்பாவும் மகனும் ஓடுகிற காரில் சண்டை போட்டுக்கொண்டார்கள். அப்பா குன்னம் ஸ்டாப்பில் இறங்கி, பஸ் பிடித்து அரியலூர் திரும்பிவிட்டார். காரணம் சொத்தா? சம்பந்தமா? இல்லை... ஸ்பீடோமீட்டர்!

அதைச் செய்தவன் நான்.

என் பிழைப்பு நம்பர் பிளேட் எழுதுவது என்று இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். செல்வராசு, ஆலத்தியூரில் சிமெண்ட் லோடு அடிக்கும் லாரிக்காரர். நாற்பது வயது. அவர் அப்பா மருதமுத்து, ஒரே முதலாளிக்கு முப்பது வருடம் அம்பாசடர் ஓட்டியவர். அதே பழைய மாடலை மகன் எங்கோ தேடிப் பிடித்து, வேன் டீசல் இன்ஜினை உள்ளே இறக்கினார். பாக்கி டேஷ்போர்டுதான். அந்த மாடலில் மீட்டர்கள் ஸ்டியரிங்குக்கு நேரே இருக்காது, நட்டநடுவில் இருக்கும். எல்லாம் துரு. "அப்பா பார்த்தா அதே வண்டின்னு நெனைக்கணும்ணே" என்றார்.

தகரத்தை வட்டமாக வெட்டி, கறுப்பு அடித்து, எண்களை ஸ்கிரீன் பிரிண்டில் போட்டேன். உள்ளே ஓடும் மெஷினும் முள்ளும் மட்டும் வேனுடையது. இன்னொரு வண்டியைப் பக்கத்தில் ஓடவிட்டு, பின் சீட்டின் நடுவிலிருந்து பார்த்து வேகத்தையும் சரிபார்த்தேன். மருதமுத்து ஐயா வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். அதேதான் என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்?

முதல் பயணம் பெரம்பலூருக்கு. ஐம்பதைத் தாண்டக் கூடாது என்பது ஐயாவின் சட்டம். தாண்டிவிட்டது என்று அவர் சொல்ல, தாண்டவில்லை என்று மகன் சொல்ல... கடைசியில் மகன், உனக்குக் கண்ணு மங்கிடுச்சுப்பா என்றிருக்கிறார். ஒரு டிரைவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அன்றோடு காரில் ஏறுவதும் நின்றது, பேச்சும் நின்றது.

பத்தாம் நாள் செல்வராசு கடைக்கு வந்தார்.

"மீட்டர் சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்கண்ணே. தப்புன்னா அவரைக் கூட்டியாந்துடுவேன்."

"சரின்னா?"

"அப்ப அவரு கண்ணு."

மீட்டர் செய்தவனும் கூட வந்தால் ஒரே ஒரு தடவை ஏறுவதாக ஐயா சொல்லி அனுப்பினார். பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்தேன். எனக்கு ஆட்களோடு பேசவே கூச்சம். முன்னால் அப்பாவும் மகனும். வேகம் பிடித்ததும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நம்பரைச் சொல்லுங்க என்றேன்.

"அம்பத்தி நாலு" – இடது பக்கம் அப்பா.

"நாப்பத்தி ஏழு" – வலது பக்கம் மகன்.

நடுவிலிருந்த எனக்கு ஐம்பது.

முன்னால் எட்டி, தலையை இடது பக்கம் சாய்த்தேன்... ஐம்பத்து நான்கு. வலது பக்கம் சாய்த்தேன்... நாற்பத்தேழு.

சுவர்க் கடிகாரத்தை ஓரமாக நின்று பார்த்தால் நிமிடம் தப்பாகத் தெரியுமே, அதேதான். பழைய மீட்டரில் முள் தகட்டை ஒட்டிப் படுத்திருக்கும். என்னுடையதில் பென்சில் கனத்துக்குத் தூக்கி நின்றது. எண்ணைக் காப்பியடித்தேன், இடைவெளியை விட்டுவிட்டேன். ஐயாவுக்கும் சந்தேகம் வர வழியில்லை – முப்பது வருடத்தில் அவர் இடது சீட்டில் உட்கார்ந்ததே இல்லையே!

வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"தப்பு என்னுதுங்க ஐயா. ரெண்டு பேரு கண்ணும் நல்லாத்தான் இருக்கு."

விளக்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஐயா கதவைத் திறந்து இறங்கினார். எதிரே அரியலூர் பஸ் வந்துகொண்டிருந்தது. செல்வராசு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பின் கதவு திறந்தது.

"தள்ளி உக்காருங்க தம்பி."

இடது மூலை – முதலாளிகள் உட்காரும் இடம். முன் சீட்டின் முதுகு மறைத்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தார். தாழ்ந்து பார்த்தார். பிறகு, சண்டைக்குப் பின் முதல் தடவையாக மகனிடம் பேசினார்.

"இங்கேருந்து மீட்டரே தெரியலடா. அதான் அந்த ஆளு முப்பது வருசமா 'வேகமாப் போ, வேகமாப் போ'ன்னு கெடந்திருக்கான்."

மறுநாளே முள்ளை இறக்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே எண்தான்... ஆனால் முன்னால் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆளில்லை. ஐயா பின் சீட்டைவிட்டு எழுந்திருப்பதில்லையாம்!